மயிலைக் காளையின் வலது தோள்

நீர்மாலைக்குக் கொட்டும் சங்கும் வந்து தெருமுனையில் இறங்கிக்கொண்டிருந்தபோது, வீரபாகு வீட்டின் பின்பக்கமாக வெளியேறி, சுவரில் சாய்த்திருந்த யாருடைய சைக்கிளையோ எடுத்தான். கிணற்றடியில் அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்நேரம் எங்கன போறிய?"

"இப்பம் வந்திருதேன். யாரும் கேட்டா சொல்லுங்க."

எங்கே என்று சொல்லவில்லை. அவள் மேற்கொண்டு கேட்பதற்குள் சந்து திரும்பிவிட்டான்.

முன்கட்டில் பெஞ்சின்மேல் அவன் அண்ணன் அய்யாக்குட்டி கிடந்தான். காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளை இல்லாதவன். பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடம் சுமக்க வேண்டியவனும் கொள்ளி வைக்க வேண்டியவனும் தம்பி வீரபாகுதான். விளாத்திகுளத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா தங்கத்தாய் இன்னும் வந்து சேரவில்லை. அவள் முகம் பார்க்காமல் எடுக்க முடியாது. அவள் வருவதற்குள் உப்பளத்துக்குப் போய்த் திரும்பிவிடலாம் என்பது அவன் கணக்கு.

முந்தின நாள் முற்பகலில் நடந்தது அது. உப்பளத்திலிருந்து தோணித் துறைக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போன வண்டிகளில் அய்யாக்குட்டியின் வண்டியும் ஒன்று. ஓடைப் பாலத்தைத் தாண்டி இறக்கத்தில் இறங்கும்போது முன்னால் போன எஸ்றாவின் வண்டி நின்றுவிட்டது. கட்டுக்கயிறு தளர்ந்து மூட்டை சரிவதைப் பார்த்து எஸ்றா மாட்டை நிறுத்தியிருக்கிறான். அய்யாக்குட்டியும் கயிற்றைச் சுண்டி நிறுத்தினான். அப்போதுதான் வலத்து மாடு, அந்தச் சாம்பல் நிற மயிலைக் காளை, முன்னங்கால் விலகிக் குப்புற விழுந்தது. நுகம் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டதில் மாடு கழுத்து முறிந்து அங்கேயே செத்தது. அய்யாக்குட்டி முன்னால் தூக்கி எறியப்பட, பின்னாலிருந்த உப்பு மூட்டைகள் அவன் நெஞ்சின்மேல் சரிந்தன. விடியும்வரை மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தகவல் கிடைத்து, வேலை பார்க்கும் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வீரபாகு வந்து சேர்ந்தபோது, அண்ணன் மனைவி, அவனுடைய மயினி செல்லத்தாய், வார்டுக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் அழவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, உள்ளே போங்க என்று கையை மட்டும் காட்டினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆளாளுக்கு எஸ்றாவைத்தான் பேசினார்கள். செல்லத்தாயின் அண்ணன் ஆறுமுகநயினார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"இறக்கத்துல எவனாச்சும் வண்டிய நிறுத்துவானா மாப்ள? அவன் மட்டும் இந்த வாசல மிதிக்கட்டும், நான் மனுசனா இருக்கமாட்டேன்."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆமா, நீரு மாட்டு டாக்டர். நீரே சொல்லும். நல்லா நடந்துக்கிட்டிருந்த மாடு அப்படி எப்படி விழும்?"

வீரபாகு பார்வையைத் திருப்பிக்கொண்டான். அண்ணன் போன துக்கத்தில் வாயடைத்துப் போய்விட்டான் என்று நினைத்து, நயினார் அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

நல்லா நடந்துக்கிட்டிருந்த மாடு இல்லை அது. வீரபாகுவுக்குத் தெரியும்.

உப்பளத்துச் சாலையில் நிழல் என்று எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. காற்று எதிர்த்து அடித்ததில் சைக்கிள் நகராமல் நின்று நின்று போனது. அவன் எழுந்து நின்று மிதித்தான்.

வைகாசியில் கோயில் கொடைக்கு அவன் ஊருக்கு வந்திருந்தான். மனைவி தேவகனியோடும் மாமனாரோடும் வாடகைக் காரில் வந்து இறங்கினான். மாமனார் மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். சம்பந்தி வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. அய்யாக்குட்டி இரவல் வாங்கிப் போட்டிருந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தார். வீரபாகு பக்கத்தில் வெள்ளை டெர்லின் பேண்ட்டோடு நின்றான். இந்தத் தெருவையும், ஓட்டை ஒழுகலையும், சாணி வாடையையும் மாமனார் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதிலேயே அவன் கவனமெல்லாம் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அண்ணன் மயிலையைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். சட்டை போடவில்லை. உடம்பெல்லாம் உப்புப் பொரிந்து கிடந்தது.

"ஏலே வீரா, இத ஒரு பார்வ பாத்திரு. உப்புக் கொட்டகத் தூணுல மோதிக்கிட்டு. அதுலருந்து காலு ஒரு தினுசா வெலகுது. இந்தா, தோளுல இங்கன குழி விழுந்தாப்புல இருக்கு. தொட்டுப் பாரு."

மாமனார் சிரித்தார். "மாப்பிள்ளைக்கு லீவுலயும் டூட்டிதான் போல."

அந்தச் சிரிப்பில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் வீரபாகுவின் காது சூடாகிவிட்டது. படியிலிருந்து இறங்காமலே சொன்னான்.

"நடத்து பாப்போம்."

அண்ணன் மாட்டை நாலு எட்டு நடத்தினான். வலது முன்னங்காலை ஊன்றும்போது தோள்மூட்டு ஒரு கணம் வெளிப்பக்கமாகப் பிதுங்கி உள்ளே போனது. அதை வீரபாகு பார்த்தான். பார்க்கவில்லை என்று பிற்பாடு எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும், பார்த்தது பார்த்ததுதான். இறங்கிப் போய்த் தோள்பட்டையின் உச்சியிலிருந்து கையை அழுத்தி இழுத்துப் பார்த்தால் போதும், விஷயம் தெரிந்துவிடும். மாட்டின் விலாவெல்லாம் சாணி அப்பியிருந்தது. அண்ணன் நின்ற இடத்தில் மூத்திரம் தேங்கிக் கிடந்தது.

"குளம்புல கல்லு குத்தியிருக்கும்ணே. ஒண்ணுமில்ல."

"அப்பப் பூட்டலாமா?"

"பூட்டு."

அய்யாக்குட்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாமனாரைப் பார்த்து, "பாத்தியளா, தூரத்துல நின்னே சொல்லிட்டான்" என்றான். கயிற்றை இழுத்துக்கொண்டு போகும்போது திரும்பி ஒரு தடவை தம்பியைப் பார்த்துச் சிரித்தான்.

உப்பளத்தின் கடைசியில், பாத்திகள் முடிந்து வெற்றுத் தரையாகக் கிடந்த இடத்தில் மாட்டை இழுத்துப் போட்டிருந்தார்கள். அங்கே ஒரே ஓர் ஆள் குழி வெட்டிக்கொண்டிருந்தான். கிட்டப் போனபிறகுதான் அது எஸ்றா என்று தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும். வண்டி ஓட்டி ஓட்டிக் காப்புக் காய்த்த கை. வீரபாகுவைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, அடி வாங்கத் தயாரானவனைப் போல நின்றான்.

"தம்பி, நான் வரணும்னுதான் இருந்தேன். நயினார் விடல. சரி, வாயில்லாச் சீவனையாச்சும் நாய் இழுக்காமப் பொதைப்போம்னு..."

"தெரியும் அண்ணாச்சி."

"கயிறு தளந்துட்டு தம்பி. மூட்ட சரிஞ்சா பின்னால வாரவன் மேல விழுந்துரும்னுதான் நிறுத்துனேன். அவன் மேல விழுந்துரக் கூடாதுன்னு."

மாட்டின்மேல் எஸ்றா கழிவு உப்பைக் கூடை கூடையாகக் கொட்டி மூடியிருந்தான். வயிறு ஊதி, கால்கள் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தன. வலது பக்கம் மேலே பார்க்கக் கிடந்தது. வீரபாகு கையாலேயே தோளின்மேல் இருந்த உப்பை வழித்துத் தள்ளினான்.

"கத்தி வச்சிருக்கியளா?"

"மூட்டக் கயிறு அறுக்குறதுதான் இருக்கு. எதுக்கு?"

"குடுங்க. கால இப்படித் தூக்கிப் புடிங்க."

எஸ்றா ஒன்றும் புரியாமல் கத்தியை நீட்டினான். பிறகு குனிந்து விறைத்த காலைப் பிடித்தான். வீரபாகு சட்டையைக் கழற்றிச் சைக்கிளில் போட்டுவிட்டு முழங்காலிட்டு உட்கார்ந்தான்.

ஒரே ஒரு நம்பிக்கை அவனுக்கு இருந்தது. அதற்காகத்தான் அண்ணன் பிணத்தை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்திருந்தான். தோள்பட்டை எலும்பு நேற்று முறிந்திருக்கலாம். அந்த எலும்பின் கழுத்துப் பகுதியில் புதிதாக முறிந்து, சுற்றிலும் கறுத்த ரத்தம் கட்டியிருந்தால், விழுந்ததற்குக் காரணம் இறக்கம், பாரம், எஸ்றாவின் வண்டி. கொடையன்று அவன் பார்த்த விலகல் வெறும் நொண்டல். கல்லுதான். அப்படியே இருந்துவிடட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான். எஸ்றாவின்மேல் பழி விழுவதைத்தான் வேண்டிக்கொள்கிறோம் என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

தோளின் உச்சியிலிருந்து மூட்டுவரை தோலைக் கீறினான். எலும்பின் நடுவே ஓடும் முகடு, தோலை விலக்கியதுமே கத்தியின் முனையில் இடித்தது. இடித்திருக்கக் கூடாது. அந்த முகட்டுக்கு முன்னால் ஒரு தசை, பின்னால் ஒரு தசை. உள்ளங்கைத் தடிமனில் இரண்டும் எலும்பை மூடிக் கிடக்க வேண்டும். மெட்ராஸில் வேப்பேரிக் கல்லூரியில், ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும் அறையில், பேராசிரியர் இந்த இடத்தில்தான் குச்சியை வைத்து நிறுத்துவார். மாட்டுக்கும் குதிரைக்கும் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால் உடம்போடு எலும்பால் சேரவில்லை, சதையால் தொங்குகிறது. தோள்மூட்டைப் பக்கவாட்டில் இறுக்கிக் கட்டுகிற நாரும் கிடையாது. இந்தத் தசைகளின் நாண்கள்தான் மூட்டு விலகாமல் பிடித்துக்கொள்கின்றன. இவற்றுக்குப் போகிற நரம்பு எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு போகும். அடிபட்டால் முதலில் சாவது அதுதான். நரம்பு செத்தால் தசை வற்றும். தசை வற்றினால் மூட்டைப் பிடிக்க ஆள் இல்லை. அனாடமியில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் அவனுக்கு. இந்தக் கேள்விக்குப் படம் போட்டு விடை எழுதியிருந்தான்.

எலும்பு முறியவில்லை. விரலைவிட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தான். முழுசாக இருந்தது.

தசை இருந்த இடத்தில் வெளிறிப்போன நார்தான் இருந்தது. முன்பக்கத்துத் தசை வெற்றிலைக் காம்பு கிள்ளிப் போட்டதுபோலத் துண்டு துண்டாகக் கையோடு வந்தது. பின்பக்கத்தது எலும்போடு எலும்பாக ஒட்டிப்போயிருந்தது.

"கொஞ்சம் பொரட்டணும் அண்ணாச்சி. அந்தப் பக்கமும் பாக்கணும்."

"எதுக்கு தம்பி?"

"ஒப்பிட்டுப் பாக்கணும்."

இருவரும் கயிறு கட்டி இழுத்து, கடப்பாரையால் நெம்பி, மாட்டை மறுபக்கம் புரட்டினார்கள். காற்று பீறிக்கொண்டு வெளியேறியது. எஸ்றா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான். இடது தோளை வீரபாகு அறுத்தான். கருஞ்சிவப்பாக, தடிமனாக, கத்தியை எதிர்த்துக்கொண்டு நின்றது சதை. முகடு எங்கே இருக்கிறதென்று தேடவேண்டியிருந்தது.

அவன் கத்தியை உப்பில் குத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். தூரத்தில் துறைமுகத்துப் பக்கம் ஏதோ கப்பல் ஊதியது. எஸ்றா மூக்கிலிருந்து துண்டை எடுத்தான்.

"என்ன தம்பி தெரிஞ்சுது?"

"வலது தோள்ல சதை செத்துப்போயிருந்துச்சு. மூட்டுக்குப் பிடிமானமே இல்ல. சமதரையில சமாளிச்சு நடந்திருக்கு. இறக்கத்துல பாரம் முன்னால தள்ளுனதும் கால் வெலகிட்டு."

"அப்ப நான் வண்டிய நிறுத்தலன்னா?"

"நிறுத்தலன்னாலும் விழுந்திருக்கும். நேத்து இல்லன்னா இன்னொரு நாளு."

எஸ்றா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "கர்த்தரே" என்றான். அவன் முதுகு குலுங்கியது. நேற்றிலிருந்து தேக்கி வைத்திருந்த அழுகை. "பச்சத் தண்ணி எறங்கல தம்பி எனக்கு. கண்ண மூடுனா அவன் மொகந்தான்" என்று விட்டு விட்டுச் சொன்னான். பிறகு மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, செத்த மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு பாரம் இறங்கினால் மனுஷனுக்கு அடுத்த கேள்வி வரும். அவனுக்கும் வந்தது.

"இது எம்புட்டு நாளா இருந்திருக்கும்?"

"கொடைக்கு முந்தியே."

"கொடைக்குத்தான் நீங்க வந்தியளே" என்றான் எஸ்றா.

சும்மாதான் சொன்னான். சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. வீரபாகு தலையைத் தூக்கவில்லை. எஸ்றா மண்வெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினான். தேவைக்கு மேலேயே ஆழமாக வெட்டத் தொடங்கினான்.

இரண்டு பேருமாக மாட்டைத் தள்ளி, மண்ணை இழுத்து மூடினார்கள். பாத்தித் தண்ணீரில் வீரபாகு கையைக் கழுவினான். கத்தி கீறியிருந்த இடத்தில் உப்பு எரிந்தது.

"ஏறுங்க அண்ணாச்சி. வீட்டுக்குப் போவோம்."

"வேண்டாம் தம்பி. சாவு வீட்டுல சண்ட வரும்."

"நான் சொல்லுதேன். ஏறுங்க."

அவர்கள் தெருவுக்குள் நுழையும்போது தங்கத்தாய் வந்துவிட்டிருந்தாள். அவள் ஒப்பாரி தெருமுனைவரை கேட்டது. நீர்மாலைக்கு ஆளைக் காணோம் என்று நாலாபக்கமும் தேடியிருக்கிறார்கள். சைக்கிள் பின்னால் எஸ்றாவைக் கண்டதும் பேச்சு நின்றுபோனது. ஆறுமுகநயினார் படியிலிருந்து இறங்கி வந்தார்.

"அங்கனயே நில்லுலே. மாப்ள, இதென்ன காரியம்? உடம்பெல்லாம் என்ன இது?"

வீரபாகுவின் வேட்டியில் முழங்கால்வரை அழுக்கும் மாட்டு ரத்தமும் காய்ந்திருந்தன. அவன் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக நின்றான்.

"அத்தான், நான்தான் இவுகள கூட்டிட்டு வந்தேன். மாட்ட அறுத்துப் பாத்துட்டு வாரேன்."

"அறுத்தா?"

"வலது தோள்ல சதையே இல்ல. நரம்பு செத்து ரொம்ப நாளாச்சு. இவுக வண்டி நின்னாலும் நிக்காட்டாலும் அது விழுந்திருக்கும். இவுக மேல ஒரு தப்பும் இல்ல."

நயினார் திகைத்துப் போனார். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாதவராக எஸ்றாவையும் வீரபாகுவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரொம்ப நாளாச்சுன்னா? நாள் பூராவும் மாட்டோட கெடந்த மனுசன். மச்சானுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

"தெரியும். தெரிஞ்சுதான் கொடையப்போ எங்கிட்ட கொண்டுட்டு வந்து காட்டுனான். தொட்டுப் பாருன்னான். நான் படிய விட்டு எறங்கல. ஒண்ணுமில்ல, பூட்டுன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டான். சொன்னதும் என்ன நடக்கும் என்று அவன் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அடிப்பார்களோ, காறித் துப்புவார்களோ. எது நடந்தாலும் நல்லது என்று தோன்றியது. தங்கத்தாயின் ஒப்பாரி நின்றிருந்தது. கொட்டுக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"காட்டல."

உள்ளேயிருந்து வந்தது அந்தக் குரல். பெஞ்சின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த செல்லத்தாய் நிலைப்படிக்கு வந்து நின்றாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"மயினி..."

"அவுக மாட்ட யார்ட்டயும் காட்டல. காட்டணும் காட்டணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. வேலையில மறந்துட்டாக. நீங்க வேற எதையோ நெனச்சுக்கிட்டுப் பேசுதிய."

"இல்ல மயினி, அன்னைக்கு மாமா வந்திருந்தாக, அண்ணன் கயித்தப் புடிச்சுக்கிட்டு..."

"காட்டலன்னு சொல்லுதேன்லா."

அவள் கத்தவில்லை. அவனை நேராகப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய், முன்பு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பிறகு தங்கத்தாய் பெருங்குரலெடுத்து, "தாய் தகப்பனா நின்னு வளத்தவன் போனா எந்தம்பிக்குப் புத்தி எப்படி நெலைக்கும்" என்று அழுதாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ ஒரு பெரியவர் வீரபாகுவின் கையைப் பிடித்து, "வாங்க தம்பி, மனசத் தேத்திக்கிடுங்க. அக்கா வந்துட்டா, நீர்மாலைக்கு நேரமாச்சு" என்று கூட்டிப்போனார். அவன் சொன்னது எங்கேயும் போய்ச் சேரவில்லை. துக்கத்தில் உளறினான் என்று அதைத் துடைத்துப் போட்டுவிட்டார்கள்.

நயினார் எஸ்றாவின் முன்னால் சிறிது நேரம் நின்றார். "உள்ள வாரும்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வழிவிட்டார். எஸ்றா உள்ளே போய் அய்யாக்குட்டியின் காலைத் தொட்டுவிட்டு, சுவரோரமாக நின்றான். பாடை தூக்க முன்பக்கத்துக்கு ஆள் குறைந்தபோது நயினாரே அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

குளத்தில் முங்கிக் குடம் எடுத்து வந்தபோதும், மொட்டையடித்துக்கொண்டபோதும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்புறமாகக் கொள்ளியை வைத்தபோதும், சொன்னதையெல்லாம் வீரபாகு செய்தான். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார்கள். அவன் பார்க்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவன் கிணற்றடியில் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தான். பின்வாசலில் செல்லத்தாய் வந்து, உலர்ந்த வேட்டி ஒன்றைக் கல்லின்மேல் வைத்தாள். அண்ணனுடையது. வைத்துவிட்டுப் போவாள் என்று நினைத்தான். அவள் போகவில்லை.

"அன்னைக்கு டம்ளரக் கையில வச்சுக்கிட்டு நான் வாசல்லதான் நின்னேன்" என்றாள்.

வீரபாகு வாளியைக் கீழே வைத்தான்.

"தெரியும் மயினி."

"ஆஸ்பத்திரியில அவுகளுக்கு மூச்சு வாங்குது. பேசாதியன்னு சொல்லுதேன், கேக்கல. தம்பி வந்து கேட்டா நான் காட்டலன்னு சொல்லு. ஊர்ல எவன் கேட்டாலும் அப்படியே சொல்லு. இல்லன்னா நாளைக்கு ஒருத்தன் அவன்கிட்ட மாட்டக் கொண்டுட்டு வரமாட்டான், படிச்ச படிப்பு வீணாப்போயிரும்னாக. திரும்பத் திரும்ப அதையே சொன்னாக. சொல்லுதேன்னு என் கையில அடிச்சு வாங்கிக்கிட்டாக."

அவள் வலது கையை விரித்து அதைப் பார்த்தாள். பிறகு முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அவுகளுக்காகச் சொன்னேன். உங்களுக்காகச் சொல்லல."

வீரபாகு வாயைத் திறந்தான். மன்னிப்பு என்ற வார்த்தையைத் தமிழில் எப்படி ஒரு பெண்ணிடம் சொல்வது என்றே அவனுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரிடமும் அதைச் சொன்னது கிடையாது.

"தலையத் துவட்டுங்க. ஈரம் சேந்துரும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மறுநாள் காலை, காடாத்துக்குப் போய்ச் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு அவன் திரும்பியபோது, வாசலில் ஒரு கிழவி நின்றிருந்தாள். கீழத்தெரு சுடலைமாடத்தி. கையில் ஒரு வெள்ளாட்டின் கயிறு. சாவு வீட்டு வாசலுக்கு இப்படி வந்ததற்கு அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"கேக்கக் கூடாத நேரம். நீங்க மத்தியானம் பஸ் ஏறிருவியன்னாக. அதான் வந்தேன். முன்னங்கால வச்சு ஊன மாட்டேங்கு."

நயினார் உள்ளேயிருந்து, "ஏ கெழவி, இன்னைக்குத்தானா" என்றார். அடுக்களையில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

வீரபாகு படியிறங்கித் தெருப் புழுதியில் முழங்காலை ஊன்றினான். ஆடு மிரண்டு பின்வாங்கியது. அதன் கழுத்தைத் தடவி நிற்க வைத்துவிட்டு, தோள்பட்டையின் உச்சியில் கையை வைத்தான். அங்கிருந்து கீழே, முகட்டின் இரண்டு பக்கமும் விரல்களை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தான். மூட்டைப் பிடித்து மடக்கினான், நீட்டினான். மறுபக்கம் போய் அந்தத் தோளையும் அதேபோல் பார்த்தான். முட்டியில் லேசான வீக்கம். சுளுக்கு. ரெண்டு நாள் கட்டிப் போட்டால் சரியாகிவிடும். அவனுக்கு அது தெரிந்துவிட்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"ஒரு ஆட்டுக்கு இம்புட்டு நேரமா?" என்றாள் கிழவி, கவலையோடு. "பெரிய சீக்கா அய்யா?"

"இல்லம்மா. ஒண்ணும் பயமில்ல." அப்போதுதான் கையை எடுத்தான். "இன்னொரு தடவ நடத்துங்க. அந்த மூல வரைக்கும் போய்ட்டு வாங்க."

கிழவி கயிற்றை இழுத்தாள். ஆடு ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தபடி அவள் பின்னால் போனது. அவன் புழுதியில் குந்தியபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.